வானவில் நாடாவும் வாழைமர நோட்டும்

மரக்காணத்தில் இரும்பு தங்குவதில்லை. உப்பளத்தில் இன்றும் மரப்பலகை கொண்டுதான் உப்பு வாருகிறார்கள். கரையோர வீடுகளில் ஜன்னல் கம்பி, கேட்டுக் கொண்டி, சைக்கிள் செயின் எல்லாம் இரண்டு மூன்று மழைக்குள் செதில் செதிலாக உதிரத் தொடங்கும். செம்பும் வெண்கலமும் கொஞ்சம் தாங்கும். ஆனால் அவற்றுக்கும் ஒரு வியாதி உண்டு. காற்றோடு வரும் உப்பின் குளோரைடு வெண்கலத்தின் நுண்துளைகளில் இறங்கிவிட்டால், ஈரம் படும்போதெல்லாம் இளம்பச்சைப் பொடி பூக்கும். துடைத்தால் போய்விடும். அடுத்த ஐப்பசியில் அதே இடத்தில் இன்னும் ஆழமாகப் பூக்கும். அருங்காட்சியகக்காரர்கள் அதற்கு 'வெண்கல நோய்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

அந்த நோயிலிருந்து நான் காப்பாற்றப் பார்க்கும் பொருள்கள், ஜப்பானியப் பேரரசு தன் படைவீரர்களுக்குக் கொடுத்த பதக்கங்கள். கேட்கிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: "ஜப்பான்காரன் மெடலுக்கும் இந்தக் கரைக்கும் என்ன சம்பந்தம்?"

சம்பந்தம் நிறைய இருக்கிறது. இந்தக் கடலில் ஜப்பானியக் கடற்படை ஒருமுறை நமக்குக் காவலாக வந்தது. இன்னொருமுறை நம்மை நடுங்க வைத்தது. தென்னாற்காட்டிலிருந்து கப்பலேறிப் போன ஏழை ஜனங்கள் அதே பேரரசின் கீழ் மூன்றரை வருஷம் வாழ்ந்தார்கள், ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் ஏலம் எடுக்கிறவர்கள் ஜப்பானியப் பதக்கத்தின் அழகைப் பார்க்கிறார்கள். அது எந்தெந்த உயிர்களின் மேல் நின்றது என்பதை நம் ஊரிலிருந்து பார்க்கிறவன்தான் சேர்த்துப் பார்க்க முடியும்.

கையில் ஒரு மெடல்

முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம். ரஷ்ய-ஜப்பானியப் போருக்கான பதக்கம், 1904-05. வெண்கலம், குறுக்களவு 30 மில்லிமீட்டர். முகப்பில் தரைப்படைக் கொடியும் கடற்படைக் கொடியும் குறுக்காகப் பின்னி நிற்கின்றன. மேலே அரசகுலத்தின் பதினாறு இதழ்ச் சாமந்தி. கீழே பவுலோனியா மரத்தின் இலையும் பூங்கொத்தும். பின்பக்கம் ஒரு கேடயம், அதன் இருபுறமும் இலைக்கிளைகள். கேடயத்துக்குள் செங்குத்தாக ஓடும் எழுத்துகள் சொல்வது இவ்வளவுதான்: மெய்ஜி முப்பத்தேழு, முப்பத்தெட்டாம் ஆண்டுப் போர்.

ஜப்பானிய எழுத்து தெரியாதே என்று புதிதாக வருகிறவர்கள் தயங்குவார்கள். எண்களும் மூன்று பேரரசர் காலப் பெயர்களும் பழகிவிட்டால் முக்கால்வாசிப் பதக்கங்களைப் படித்துவிடலாம். மெய்ஜி ஆண்டோடு 1867-ஐக் கூட்டினால் நம் ஆண்டு வரும். தைஷோ என்றால் 1911. ஷோவா என்றால் 1925. தைஷோ 3 என்பது 1914. ஷோவா 6 என்பது மஞ்சூரியாவில் ஜப்பான் கைவைத்த 1931. நம் வீட்டுப் பெரியவர்கள் பிரபவ, விபவ என்று அறுபது பெயரை மனப்பாடமாக வைத்திருந்தவர்கள். இந்த மூன்று பெயர் நமக்கு ஒரு பொருட்டா?

மெடலின் வேலைப்பாடு மனத்தைக் கவரக்கூடியது. குறுக்குப்பட்டையில் நான்கே எழுத்து. பட்டையையும் மெடலையும் இணைப்பது ஒரு சின்னக் கீல். நாடாவின் முதுகில் கொக்கி. உள்ளே வைத்துத் தர ஒரு பெட்டி; உயர் விருதுகளுக்குக் கறுப்பு அரக்குப் பூசிய பெட்டி, மூடியில் விருதின் பெயர். பதக்கம் மட்டும் இருந்தால் ஒரு விலை, பெட்டியோடு இருந்தால் வேறு விலை, உரியவரின் பெயர் எழுதிய சான்றிதழும் கூட இருந்தால் பேச்சே வேறு. காரணம், ஜப்பானியப் போர்ப் பதக்கத்தில் வாங்கியவர் பெயர் பொறிக்கப்படுவதில்லை. தாள் தொலைந்த அன்றே அது யாருடையது என்பதும் தொலைந்துவிடுகிறது.

விருதுகளில் மூத்தது 1875-இல் ஏற்பட்ட உதயசூரியன் விருது. நடுவில் இரத்தச் சிவப்பில் குமிழ்ந்த கண்ணாடி, சுற்றிலும் வெள்ளை எனாமல் கதிர்கள், மேலே பவுலோனியா இலை. அன்று எட்டு வகுப்புகள். சாதாரணச் சிப்பாய்க்குக் கிடைத்தது பெரும்பாலும் ஏழாவதும் எட்டாவதும். அவற்றில் சூரியனே கிடையாது, வெறும் இலைதான். எட்டாவதில் எனாமலும் கிடையாது, வெறும் வெள்ளி. படிநிலையை இவ்வளவு பச்சையாக உலோகத்தில் காட்டிய நாடுகள் குறைவு. 1888-இல் வந்த புனிதப் பொக்கிஷ விருதும் அன்று இதே மாதிரி எட்டு வகுப்பு.

சேகரிப்பாளர்கள் ஏங்குவது தங்கப் பருந்து விருதுக்கு. 1890-இல் ஏற்பட்டது, படைவீரர்களுக்கு மட்டும், போரில் காட்டிய வீரத்துக்கு மட்டும். முதல் பேரரசர் ஜிம்மு போர்க்களத்தில் நின்றபோது அவர் வில்லின் மேல் பொன்னிறப் பருந்து வந்து உட்கார, அதன் ஒளியில் எதிரிகள் கண்கூசித் தோற்றார்கள் என்பது கதை. உயர் வகுப்புகளில் மஞ்சளும் சிவப்பும் நீலமும் பச்சையும் கலந்த எனாமலின் மேல் பருந்து சிறகு விரித்து நிற்கும். ஏழாம் வகுப்பு மறுபடியும் வெறும் வெள்ளி. மொத்தம் 10 லட்சத்துக்கும் மேல் கொடுத்திருக்கிறார்கள். பெரும்பகுதி சீனப் போரிலும் அதற்குப் பின்னும். 1947-இல் விருதையே ஒழித்துவிட்டார்கள். சீன நகரமான நான்ஜிங்கில் ஜப்பானியப் படை நடத்திய படுகொலையைப் படித்தவர்கள் இதைக் கையில் எடுக்கும்போது அதன் எனாமலை மட்டும் ரசித்துக்கொண்டிருக்க முடியாது. ரசிக்கவும் கூடாது என்பது என் அபிப்பிராயம்.

இத்தனை பதக்கங்கள் உலகச் சந்தைக்கு எப்படி வந்தன? 1945-இல் தோற்ற நாட்டில் பசி. பெருமையாக மாட்டிக்கொண்டதை வயிற்றுக்காக விற்றார்கள். ஆக்கிரமித்து நின்ற அமெரிக்கச் சிப்பாய்கள் நினைவுப்பொருளாக மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள். இன்று ஜப்பானியச் செஞ்சிலுவைப் பதக்கங்களும் ரஷ்யப் போர்ப் பதக்கங்களும் புதியவர்கள் வாங்கக்கூடிய விலையில் கிடைப்பதற்கு அந்த மூட்டைகள்தான் காரணம்.

காவலுக்கு வந்த கப்பல்

1914 செப்டம்பர் 22 இரவு. ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னைக்கு எதிரே வந்து நின்று குண்டு வீசியது. துறைமுகத்தருகே பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. இந்தக் கதை நம் எல்லோருக்கும் தெரியும். அந்த எம்டனைத் தேடி வங்கக் கடலிலும் இந்தியப் பெருங்கடலிலும் அலைந்த கப்பல்களில் ஜப்பானியக் கப்பல்களும் இருந்தன என்பதைத்தான் மறந்துவிட்டோம். அந்த ஆண்டு ஆகஸ்ட் 23-ஆம் தேதியே ஜப்பான், பிரிட்டனின் கூட்டாளியாக ஜெர்மனி மேல் போர் அறிவித்திருந்தது. சிக்குமா என்ற ஜப்பானியக் கப்பல், பிரிட்டிஷ் கப்பல்களான ஹாம்ப்ஷயர், யார்மவுத் ஆகியவற்றோடு சேர்ந்து எம்டனைத் துரத்தியது. இபுகி என்ற பெரிய கப்பல், ஆஸ்திரேலிய, நியூசிலாந்துத் துருப்புகள் ஏறிய கப்பல்களுக்குக் காவலாக வந்தது. நவம்பர் 9-ஆம் தேதி எம்டன் கோகோஸ் தீவருகே தட்டுப்பட்டபோது இபுகியின் தளபதி கத்தோ தானே போய் மோத அனுமதி கேட்டார். கிடைக்கவில்லை, ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி போய் முடித்தது.

'தைஷோ மூன்று, நான்காம் ஆண்டுப் போர்' என்று பொறித்த ஜப்பானியப் பதக்கம் ஒன்று என் பெட்டியில் இருக்கிறது. அதே குறுக்குக் கொடிகள், அதே சாமந்தி, கேடயத்தில் ஆண்டு மட்டும் வேறு. சீனாவில் ஜெர்மனி வைத்திருந்த சிந்தாவ் துறைமுகத்தின் முற்றுகையில் நின்ற சிப்பாயுடையதா, கடலில் அலைந்த மாலுமியுடையதா என்பதைச் சொல்லக்கூடிய தாள் அதோடு வரவில்லை.

அந்த முதல் உலகப்போர் முடிந்ததும் நேசநாடுகள் எல்லாம் சேர்ந்து ஒரு முடிவெடுத்தன: வெற்றிப் பதக்கம் ஒன்றை ஒவ்வொரு நாடும் தானே அடித்துக் கொடுக்கட்டும், ஆனால் நாடா எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும். அந்த நாடாதான் இரட்டை வானவில். இரண்டு வானவில்களை ஒட்டவைத்தது போல நடுவில் சிவப்பு, இரு ஓரத்திலும் ஊதா. மற்ற நாடுகளில் பெரும்பாலானவை சிறகு விரித்த வெற்றித் தேவதையைப் பொறித்தபோது, ஜப்பான் தன் போர்க்கடவுளான தக்கேமிக்கசுச்சியைப் பொறித்தது. மெசபடோமியாவில் பாலம் கட்டிய மெட்ராஸ் சாப்பர் ஒருவரின் மார்பிலும், யோக்கோஹாமாவில் இறங்கிய மாலுமி ஒருவரின் மார்பிலும் ஒரே வானவில் நாடா தொங்கியது. என் சேகரிப்பில் நான் ஒன்றைத்தான் காட்டலாம் என்றால் இந்த இரண்டையும் அருகருகே வைத்துத்தான் காட்ட ஆசை. ஜப்பானிய வகை எண்ணிக்கையில் மிகக் குறைவு, விலையும் அதிகம், போலிகளும் அதற்கேற்ப நிறைய. ஆகவே ஒரு பக்கத்து இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது.

எவாக்குவேஷன்

எம்டன் வந்துபோய் இருபத்தெட்டே ஆண்டு. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலை, ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களோடு வந்த ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் படை கொழும்பைத் தாக்கியது. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. 9-ஆம் தேதி திருகோணமலை. அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸ் 307 பேரோடு மூழ்கியது. அதே நாள்களில் அட்மிரல் ஒசாவாவின் இன்னொரு ஜப்பானியப் படை வங்கக் கடலில் சரக்குக் கப்பல்களை வரிசையாக மூழ்கடித்துக்கொண்டு போனது.

வடக்கே விசாகப்பட்டினம், தெற்கே திருகோணமலை. நடுவில் இருந்தது நம் கரை. சென்னையைக் காலி செய்யச் சொல்லி அரசு அறிவித்தது. கவர்னர் ஆர்தர் ஹோப்பின் நிர்வாகம் அலுவலகங்களைக் கடற்கரையை விட்டு உள்ளே தள்ளியிருந்த ஊர்களுக்கு மாற்றியது. மிருகக்காட்சிசாலையில் இருந்த சிங்கம் புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள், குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்ன ஆவது என்று. எழும்பூரிலும் சென்ட்ரலிலும் ரயிலேற முடியாத கூட்டம். அந்தத் தலைமுறைக்கு 'எவாக்குவேஷன்' என்ற சொல் பள்ளிக்கூடம் போகாமலே தெரிந்தது. கல்யாணம், பிள்ளைப்பேறு எல்லாவற்றையும் "எவாக்குவேஷனுக்கு முன்னால, பின்னால" என்றுதான் கணக்கு வைத்தார்கள். அப்போது வராத விமானம் 1943 அக்டோபரில் ஒற்றையாக வந்து சென்னைத் துறைமுகப் பக்கம் குண்டு போட்டுவிட்டுப் போனது.

சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே கிடக்கும் மரக்காணம் இந்தப் பீதியின் பாதையில்தான் இருந்தது. பக்கிங்ஹாம் கால்வாயின் தென்கோடி இது. இங்கிருந்து உப்பு ஏற்றிய படகுகள் கால்வாய் வழியே வடக்கே போன காலம் அது. சற்று வடக்கே கடப்பாக்கத்தில் ஆலம்பரைக் கோட்டை. ஒருகாலத்தில் நாணயம் அடித்த இடம், 1750-இல் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயின் கைக்கு வந்து, 1760-இல் ஆங்கிலேயர் கையால் இடிந்தது. கடலிலிருந்து யார் வருவார்கள் என்று பார்த்துக்கொண்டே வாழ்ந்த கரை இது.

யாரும் அணியாத பதக்கம்

ஜப்பானியப் பதக்கங்களிலேயே என்னை அதிகம் அலைக்கழித்த ஒன்று, என்னிடம் இல்லாதது, இருக்கவும் வாய்ப்பில்லாதது. மகா கிழக்காசியப் போர்ப் பதக்கம். 1944-இல் அரசாணை போட்டு ஏற்படுத்தினார்கள். செம்பும் வெண்கலமும் துப்பாக்கிக் குண்டுக்கே போதாத நேரம். ஆகவே வெள்ளீயத்தில் அடித்தார்கள். கொடுப்பதற்குள் போர் முடிந்துவிட்டது. அடித்தவற்றையும் பெரும்பாலும் அழித்துவிட்டார்கள். தப்பிய சிலவே உலகில் இருக்கின்றன.

இதன் பொருளை யோசித்துப் பாருங்கள். மலாயாவைப் பிடித்தது, சிங்கப்பூரைப் பிடித்தது, பர்மாவுக்குள் நுழைந்தது, சயாம் காட்டில் ரயில் போட்டது என எல்லாம் அடங்கிய அந்தப் போருக்கென்று ஏற்பட்ட பதக்கம் எந்த மார்பிலும் ஏறவில்லை. ரஷ்யப் போருக்கு உண்டு, சீனாவில் நடந்ததற்கு உண்டு. தமிழனுக்கு அதிகம் வலித்த போருக்கு மட்டும் கிடையாது. ஜப்பானியப் பதக்கங்களை ஆண்டு வரிசையில் அடுக்கிக்கொண்டே வருகிறவன் 1942-ஐ எட்டும்போது தட்டு காலியாகிறது. அந்த இடத்தில் நாம் எதை வைப்பது என்பதுதான் என் கேள்வி.

திண்டிவனம் தாலுகாவில் இருந்த மரக்காணம் அன்றைய தென்னாற்காடு ஜில்லாவைச் சேர்ந்தது. மலாயா ரப்பர்த் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் சேர்த்த ஜில்லாக்களில் அதுவும் ஒன்று. வடாற்காடு, தஞ்சை, திருச்சி, சேலம் எல்லாம் கூடத்தான். 1938-இல் இந்திய அரசு ஆள் அனுப்புவதை நிறுத்தியபோது போனவர்கள் போன இடத்திலேயே நின்றார்கள். 1942-இல் ஜப்பான்காரன் வந்ததும் ரப்பருக்குச் சந்தை போயிற்று, அரிசி போயிற்று. பிறகு சயாம் ரயில் பாதைக்கு ஆள்பிடி தொடங்கியது.

அந்தப் பாதை, சயாம் எனப்பட்ட தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசாயத் வரை 415 கிலோமீட்டர். 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபர் 17-இல் இரண்டு முனைகளும் இணைந்தன. போர்க்கைதிகள் 60,000-க்கு மேல் வேலை செய்தார்கள். 12,000-க்கு மேல் இறந்தார்கள். ஆசியக் கூலிகள் அதைப்போல் மூன்று மடங்குக்கும் அதிகம். தமிழர், மலாய்க்காரர், பர்மியர், ஜாவாக்காரர். இறந்தவர்கள் சுமார் 90,000 என்பது மதிப்பீடு. காலரா, மலேரியா, புண், பட்டினி. கைதிகளோடு மருத்துவர்களும் அதிகாரிகளும் இருந்தார்கள். யார் எங்கே புதைக்கப்பட்டார் என்று இரகசியமாகவாவது குறித்து வைத்தார்கள். தோட்டத்துத் தமிழனுக்குக் குறித்து வைக்க ஆளில்லை. தாய்லாந்தில் காஞ்சனபுரி போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7000 கைதிகளுக்குத் தனித்தனிக் கல் நிற்கிறது. தமிழர்களின் எலும்புகள் மொத்தமாகப் புதைகுழிகளில் கிடந்தன.

அதே காஞ்சனபுரியில் ஜப்பானிய ராணுவமே 1944-இல் ஒரு நினைவுச்சின்னம் எழுப்பியது. அதில் பதித்த கல்வெட்டுகளில் தமிழும் ஒன்று. ஆளை வதைத்துக் கொன்றவர்களே, செத்தவன் மொழி என்னவென்று கேட்டறிந்து அவன் எழுத்தில் அஞ்சலி பொறித்திருக்கிறார்கள். அதைப் பற்றி முதலில் படித்தபோது கோபம் வந்ததா அழுகை வந்ததா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அண்மையில் தாய்லாந்துத் தமிழர்கள் தமிழக அரசின் உதவியோடு அங்கே நடுகல் நாட்டியிருக்கிறார்கள். எண்பது ஆண்டு தாமதம். என்றாலும் செய்தார்களே.

அந்தப் பாதையின் திறப்பு விழாவில் ஓடிய நீராவி எஞ்சின், சி56 வகையில் 31-ஆம் எண், இன்று டோக்கியோவின் யசுக்குனி ஆலயத்து அருங்காட்சியக வாசலில் கறுப்பு வண்ணம் மின்ன நிற்கிறது. எஞ்சினைக் காப்பாற்றத் தெரிந்தவர்களுக்கு இது முடிந்தது. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவலும், ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யும் நம் பக்கத்தில் எழுத்தாக நிற்பவை. பொருளாக நிற்பது என்ன?

டிரங்குப் பெட்டியில் இருப்பது

இருக்கிறது. மலாயாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் திரும்பியவர்களின் வீடுகளில், பரணில், பழைய டிரங்குப் பெட்டியின் அடியில். ஜப்பான்காரன் அடித்த நோட்டுகள்.

மலாயாவின் பத்து டாலர் நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். குலை தள்ளிய வாழைமரம் அதன் அடையாளம். அதனால்தான் அங்கே ஜனங்கள் வாழைமர நோட்டு என்றார்கள். ஜப்பானிய அரசாங்கம் இந்தத் தொகையைக் கேட்டவுடன் தருவதாக உறுதி கூறுகிறது என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும். நோட்டின் குறியீடு எம் என்ற எழுத்தில் தொடங்கினால் மலாயா, பி என்றால் பர்மா. பின்னாளில் அடித்தவற்றில் வரிசை எண்கூட இல்லை. எத்தனை அடித்தோம் என்ற கணக்கையே விட்டுவிட்டார்கள். 1945 செப்டம்பரில் பிரிட்டிஷ்காரன் திரும்பி வந்த அன்று அத்தனையும் குப்பை. மூன்றரை வருஷம் பால்மரம் வெட்டியதற்கும் மூட்டை தூக்கியதற்கும் கிடைத்த கூலி அது. ஊருக்கு வந்தவர்கள் ஏன் எறியாமல் கொண்டு வந்தார்கள்? என்றாவது மாற்றித் தருவார்கள் என்ற நம்பிக்கை ஒன்று. பட்டபாட்டுக்கு அத்தாட்சியாக அது ஒன்றுதான் கையில் இருந்தது என்பது மற்றொன்று.

நாணயச் சந்தைகளில் இந்த நோட்டுகள் அற்ப விலைக்குக் கிடைக்கும். சேகரிப்பாளர்கள் பலர் இதை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. நான் என் ஜப்பானியப் பதக்கங்களின் வரிசையில், 1942-க்கான காலி இடத்தில், இதைத்தான் வைத்திருக்கிறேன். வெள்ளீயப் பதக்கத்தின் இடத்துக்கு உரியது இந்தக் காகிதம்.

அந்தக் காலம் எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பின்னாளில் சிங்கப்பூரின் ஆறாவது அதிபரான எஸ்.ஆர். நாதன், அன்று இளைஞராக ஜப்பானியரிடம் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தவர். தோட்டத்துப் பெண்கள் இந்திய தேசிய ராணுவத்தின் (ஐ.என்.ஏ.) ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி பிடித்தார்கள். ஜப்பானைத் துணை கொண்டால் விடுதலை வரும் என்று உயிரை வைத்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். ஜப்பானில் வாழ்ந்த இந்திய விடுதலைப் போராளி ராஷ் பிகாரி போஸுக்கு அவர் இறக்கும் தறுவாயில், 1945 தொடக்கத்தில், உதயசூரியன் விருதின் இரண்டாம் வகுப்பு கிடைத்தது. டோக்கியோ போர்க்குற்ற வழக்கில் மாறுபட்ட தீர்ப்பெழுதிய நீதிபதி ராதா பினோத் பாலுக்கு 1966-இல் புனிதப் பொக்கிஷ விருதின் முதல் வகுப்பு. நேதாஜியே 1942-இல் ஜெர்மனியில் சுதந்திர இந்தியாவுக்கென்று தனிப் பதக்கங்களை ஏற்படுத்தினார். வியன்னாவில் சூவால் என்ற நிறுவனம் அவற்றைச் செய்தது. "ஐ.என்.ஏ. மெடல், தாத்தாவுடையது" என்று யாராவது விற்க வந்தால் அவசரப்படாதீர்கள். பின்னாளில் செய்த நகல்கள் அசலைவிட அதிகம் உலவுகின்றன.

போலி என்றால் ஜப்பானிய விருதுகளிலும் குறைவில்லை. தங்கப் பருந்தைத்தான் அதிகம் செய்கிறார்கள். வார்ப்பில் செய்த போலியின் தரையில் பூதக்கண்ணாடி வைத்தால் குண்டூசி முனையளவு குழிகள் தெரியும். அச்சில் அடித்த அசலில் தரை மழமழவென்றிருக்கும். எனாமல் கதிருக்கு வெளியே வழிந்திருந்தால் சந்தேகப்படலாம். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட பொருள் என்றால் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் நினைவும் வேண்டும். அப்படிப்பட்டதை நாட்டுக்கு வெளியே அனுப்பக்கூடாது. ரஷ்யப் போர்ப் பதக்கம் எல்லாமே இப்போது அந்த வயதைத் தாண்டிவிட்டது.

பாதுகாப்பு விஷயத்தில் மரக்காணத்துக்காரர்கள் கூடுதலாகவே கவலைப்பட வேண்டும். 2004-இல் சுனாமி, 2011-இல் தானே புயல், 2024 நவம்பர் 30-ஆம் தேதி இந்தப் பக்கமே கரையேறிய ஃபெஞ்சல் புயல் என்று தண்ணீர் வீட்டுக்குள் வராத தலைமுறையே இந்தக் கரையில் இல்லை. டிரங்குப் பெட்டி தரையில் இருக்கக்கூடாது. மெடலை வெறுங்கையால் தொடக்கூடாது, வியர்வையும் உப்புதான். கடையில் தரும் பி.வி.சி. உறை ஆகவே ஆகாது, அதிலிருந்து கசியும் அமிலம் பச்சைக் களிம்பை வரவழைக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, மழைக்காலத்துக்கு முன்பும் பின்பும் பொட்டலத்தை மாற்றுங்கள். உள்ளே ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் வெண்கல நோய் அடங்கிக் கிடக்கும்.

இந்த ஜப்பானியப் பதக்கங்களால் எனக்குக் கிடைத்த பெரிய பலன், நம் சிப்பாய்களின் மெடல்களைப் பார்க்கும் கண். ஜப்பானியன் பெயர் பொறிக்கவில்லை என்றேன். பிரிட்டிஷ் அரசு இந்தியச் சிப்பாய்க்குக் கொடுத்ததில் பெயர் பொறித்தது. முதல் உலகப்போரின் வெள்ளி மெடலிலும் வானவில் நாடா மெடலிலும் விளிம்பைச் சுற்றி எண், பதவி, பெயர், ரெஜிமெண்ட் என்று வரிசையாக இருக்கும். இரண்டாம் உலகப்போரில் இங்கிலாந்துச் சிப்பாய்க்குக்கூடப் பெயரில்லாமல்தான் கொடுத்தார்கள். இந்தியருக்குப் பெயரோடு வந்தது. பர்மா ஸ்டார் போன்ற நட்சத்திரங்களில் பின்புறம் பாருங்கள்.

இந்த மெடல்கள் இன்று எங்கே போகின்றன? பேரப்பிள்ளைகள் பழைய பாத்திரத்தோடு சேர்த்து எடைக்குப் போடுகிறார்கள். முதல் உலகப்போரின் வெள்ளி மெடல் எத்தனையோ கொலுசாக உருகிவிட்டது. வெள்ளிக்கடைக்காரருக்கு அது வெள்ளி, அவர் மேல் தப்பில்லை. பெயர் இருக்கிறது என்று வீட்டிலேயே யாரும் சொல்லவில்லையே.

வீட்டில் மெடலோ நோட்டோ கடிதமோ இருந்தால் விற்பதற்கு முன் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். யார் கொண்டு வந்தார், எந்தத் தோட்டம், எந்தக் கப்பல், எந்த வருஷம் என்பதை வீட்டில் மூத்தவரிடம் கேட்டுத் தாளில் எழுதிப் பொருளோடு வையுங்கள். பர்மாவில் காணாமல்போன சிப்பாய் என்றால், ரங்கூனுக்கு வடக்கே தாவ்க்கியான் கல்லறையிலுள்ள நினைவுத்தூண்களில் கிட்டத்தட்ட 27,000 பெயர்கள் பொறித்திருக்கின்றன. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் பெயரைப் போட்டுத் தேடலாம். மெடலில் இருக்கும் ரெஜிமெண்ட் எண்ணும் அதில் இருக்கும் எண்ணும் பொருந்திவிட்டால் அந்தக் குடும்பத்துக்கு ஒரு கல்லில் இடம் இருக்கிறது என்று பொருள். சயாம் ரயிலுக்குப் போனவர்களுக்கு அப்படிப்பட்ட பட்டியல் கிடையாது. அவர்கள் விஷயத்தில் நீங்கள் எழுதி வைக்கும் அந்தத் தாள்தான் முதல் பதிவு.

தயவுசெய்து ஒன்றைச் செய்யாதீர்கள். குடியரசு தினத்தன்று தாத்தா மெடலை எடுத்து விபூதி போட்டும், புளி போட்டும், பிராசோ போட்டும் பளபளவென்று தேய்ப்பது பல வீடுகளில் வழக்கம். விளிம்பில் பொறித்த எழுத்து முடியளவு ஆழம்தான். நாலைந்து முறை அழுத்தித் தேய்த்தால் முதலில் போவது தாத்தாவின் பெயர்.